ஸ்கேன் ரிப்போர்ட்டில் வருவதெல்லாம் நோய் இல்லை



இது நீளமான பதிவு. கொஞ்சம் கூச்சமான விஷயமும்கூட. அதனால் அக்கா, அத்தை, சித்திமார்கள் யாரும் தள்ளிவிட்டுப் போக வேண்டாம். ஆண்பிள்ளை பெற்றவர்கள் அவசியம் படியுங்கள். ஓய்வு பெற்று 11 வருஷம் ஆகிவிட்டது. வாத்தியாருக்கு இனி இழக்க என்ன மானம் இருக்கிறது என்று நினைத்துத்தான் எழுத உட்கார்ந்தேன்.

போன மாதம் ஒரு சாயங்காலம், என்னிடம் படித்த பையன் ஒருவன் பாபநாசத்தில் என் வீட்டுத் திண்ணைக்கு வந்தான். வயது 29. வெளியூரில் நல்ல வேலை. கையில் ஒரு பெரிய கவர். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "சார், நீங்க உயிரியல் வாத்தியார்தானே, இதைப் படிச்சுச் சொல்லுங்க. வீட்ல யார்கிட்டயும் கேக்க முடியல" என்றான். அவன் அனுமதியோடுதான் எழுதுகிறேன். அடையாளம் தெரியாமல் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். யார் என்று கமெண்ட்டில் ஊகிக்க வேண்டாம்.

பைக் சறுக்கி விழுந்ததில் விதைப்பையில் அடி. ஒரு வாரம் வலி. ஒரு ஸ்கேன் சென்டரில் அல்ட்ராசவுண்டு எடுத்திருக்கிறான். அடிபட்டதற்கு ஒன்றுமில்லை, வீக்கம் தானாக வடிந்துவிட்டது. ஆனால் ரிப்போர்ட்டின் கடைசி வரியில், இரண்டு விதைகளிலும் 'டெஸ்டிக்குலர் மைக்ரோலித்தியாசிஸ்' என்று எழுதியிருந்தது. அங்கே இருந்த ஒருவர் அவனிடம் சொன்ன வார்த்தை: "இது கேன்சருக்கு முந்தின ஸ்டேஜ் தம்பி." அதோடு விடவில்லை. 3 மாதத்துக்கு ஒரு தடவை ஸ்கேன், 3 வகை ரத்தப் பரிசோதனை, வயிற்றுக்கு ஒரு சிடி ஸ்கேன் என்று ஒரு அட்டவணையே போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அவன் 2 சுற்று முடித்துவிட்டான். அம்மா சங்கிலி அடகுக்கடையில். நிச்சயம் ஆகியிருந்த கல்யாணத்தை நிறுத்திவிடலாம் என்று அவனே முடிவு செய்திருந்தான். "தாலி கட்டி ஒரு பொண்ணு வாழ்க்கையைக் கெடுக்கக் கூடாது சார்" என்றான்.

நான் டாக்டர் இல்லை. அன்று எனக்கும் அந்தச் சொல் புதுசு. என்னிடம் படித்து இன்று சிறுநீரக அறுவை மருத்துவராக இருக்கிற ஒருவரிடம் போனில் ஒரு மணி நேரம் பாடம் கேட்டேன். வாத்தியார் மாணவரிடம் பாடம் கேட்பதில் உள்ள சுகம் வேறு! அவர் சொன்ன வழிகாட்டு நெறிகளை எழுத்துக் கூட்டிப் படித்தேன். படித்த பிறகு வந்த கோபத்தில்தான் இந்தப் பதிவு.

முதலில் அது என்ன என்று பார்ப்போம்.

விதைக்குள்ளே விந்து உற்பத்தியாகிற மெல்லிய நுண்குழல்கள் நூற்றுக்கணக்கில் சுருண்டு கிடக்கின்றன. சிலருக்கு அந்தக் குழலுக்குள் சுண்ணாம்புச் சத்து படிந்து சிறு சிறு துகளாக நிற்கும். ஒவ்வொன்றும் 3 மில்லிமீட்டருக்கும் குறைவு. ஸ்கேன் திரையில் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியும். திரையில் ஒரே பார்வையில் 5 அல்லது அதற்கு மேல் தெரிந்தால் அதற்கு மைக்ரோலித்தியாசிஸ் என்று பெயர். 'லித்' என்றால் கிரேக்கத்தில் கல். அவ்வளவுதான். நுண்கல். வலிக்காது. கைக்குத் தட்டுப்படாது. கிட்னிக் கல் மாதிரி நகராது, அடைக்காது. கரைக்க மருந்து கிடையாது, தேவையும் கிடையாது. வாழைத்தண்டு சாறு குடிக்கச் சொல்லி யாராவது கிளம்புவீர்கள், அதனால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கப் போன இடத்தில்தான் பெரும்பாலும் இது கண்ணில் படும். ஸ்கேன் எடுக்காத நம் தாத்தாக்களில் எத்தனை பேருக்கு இருந்ததோ, அவர்கள் நாற்று நட்டு, அறுத்து, பத்துப் பிள்ளை பெற்றுப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

பின்னே கேன்சர் என்ற பேச்சு எங்கிருந்து வந்தது?

விதையில் புற்றுநோய் வந்தவர்களை ஸ்கேன் செய்து பார்த்தபோது, அவர்களில் பலருக்கு இந்தப் புள்ளிகளும் இருந்தன. உண்மைதான். ஆனால் அதைத் திருப்பிப் போட்டு, புள்ளி இருக்கிறவனுக்கெல்லாம் புற்று வரும் என்று சொன்னால் அது கணக்கு இல்லை. மகாமகத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் கும்பகோணம் பஸ்ஸிலோ ரயிலிலோ ஏறித்தான் வந்தார்கள். அதற்காகப் பாபநாசத்தில் நின்று கும்பகோணம் பஸ் ஏறுகிறவனையெல்லாம் மகாமகக் குளத்தில் முங்கப் போகிறவன் என்று சொல்ல முடியுமா? ஒருவன் வெற்றிலை வாங்கப் போகிறான், ஒருவன் மாமியார் வீட்டுக்குப் போகிறான்.

இதை அமெரிக்க ராணுவத்தில் எண்ணியே பார்த்தார்கள். 18 முதல் 35 வயது வரை, எந்தத் தொந்தரவும் இல்லாத 1,504 ஆண்களுக்கு ஸ்கேன் எடுத்தார்கள். 84 பேருக்கு இந்தப் புள்ளிகள். அதாவது 100க்கு 5.6 பேர். 2001இல் வெளிவந்த ஆய்வு அது. அந்த 84 பேரில் 63 பேரை 5 வருஷம் கழித்துத் தேடிப் பிடித்து விசாரித்தார்கள். புற்று வந்தவர் ஒரே ஒருவர். மற்ற 62 பேர் தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இது 2008இல் வெளிவந்தது.

இப்போது நம் ஊர்க் கணக்குக்கு வாருங்கள். விதைப் புற்று நார்வே, டென்மார்க் போன்ற நாடுகளில் வருஷத்துக்கு லட்சம் ஆண்களில் சுமார் 10 பேருக்கு வருகிறது. இந்தியாவில் லட்சத்துக்கு ஒருவருக்கும் குறைவு. அமெரிக்கச் சிப்பாய்களின் கணக்கை நமக்கு அப்படியே வைக்க முடியாது. சரி, பாதியாகவே வையுங்கள். லட்சம் ஆண்களில் 2,800 பேருக்குப் புள்ளி. வருஷத்துக்குப் புற்று ஒருவருக்கும் குறைவு. இந்த 2,800 பேரையும் "முந்தின ஸ்டேஜ்" என்று சொல்லி 3 மாதத்துக்கு ஒரு தடவை வரிசையில் நிறுத்துவது வைத்தியமா, வியாபாரமா? 10ஆம் வகுப்புக் கணக்குத்தான். விடையை நீங்களே போடுங்கள்.

உலகத்தில் இதற்காகவே உட்கார்ந்து யோசித்தவர்கள் என்ன சொல்லியிருக்கிறார்கள்?

ஐரோப்பிய சிறுநீர், பாலுறுப்புக் கதிரியல் சங்கம் 2015இல் சொன்னது: புள்ளி மட்டும் இருந்து, வேறு ஆபத்துக் காரணம் எதுவும் இல்லை என்றால், தொடர் ஸ்கேன் வேண்டாம். ஆபத்துக் காரணம் இருக்கிறவர்களுக்கு மட்டும் வருஷத்துக்கு ஒரு தடவை ஸ்கேன், 55 வயது வரை. கவனியுங்கள், வருஷத்துக்கு ஒன்று. 3 மாதத்துக்கு ஒன்று அல்ல.

அமெரிக்க சிறுநீரகவியல் சங்கம் 2019இல் சொன்னதும் அதே போக்குத்தான்: கட்டி இல்லை, ஆபத்துக் காரணமும் இல்லை என்றால், தற்செயலாகத் தெரிந்த இந்தப் புள்ளிகளுக்காக மேற்கொண்டு எந்தப் பரிசோதனையும் வேண்டாம்.

அந்த ஆபத்துக் காரணங்களையும் எழுதிவிடுகிறேன், குறித்துக்கொள்ளுங்கள்:

1. பிறக்கும்போது விதை கீழே இறங்காமல் இருந்தது, அல்லது அதற்காக அறுவை செய்து இறக்கியது.
2. ஏற்கனவே ஒரு பக்கம் விதைப் புற்று வந்து சிகிச்சை எடுத்தது.
3. அப்பாவுக்கோ கூடப்பிறந்தவனுக்கோ விதைப் புற்று வந்தது.
4. விதை சுருங்கிச் சிறுத்துப் போயிருப்பது.

இந்த 4இல் ஒன்று இருந்தாலும் நல்ல யூராலஜி டாக்டரிடம் போய், அவர் சொல்கிற மாதிரி வருஷாவருஷம் பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்றும் இல்லையா? ரிப்போர்ட்டை பீரோவில் வைத்துவிட்டு வேலையைப் பாருங்கள்.

அந்தப் பையனிடம் இந்த 4 கேள்வியையும் எத்தனை பேர் கேட்டார்கள் தெரியுமா? ஒருவரும் கேட்கவில்லை. 2 சுற்று ஸ்கேன், 2 சுற்று ரத்தம், ஒரு சிடி. காசு செலவாகாத 4 கேள்விகளை மட்டும் கேட்க நேரமில்லை. கையால் தொட்டுப் பரிசோதிக்கவும் இல்லை.

இதை எங்கள் குடும்பத்தில் சொன்னபோது என் மச்சினர் ஒரு கேள்வி கேட்டார். நியாயமான கேள்விதான். "மாமா, ஒரு டெஸ்ட் கூட எடுத்தா என்ன நஷ்டம்? நல்லதுக்குத்தானே? ஒருவேளை வந்துட்டா?"

நஷ்டம் இருக்கிறது மாப்பிள்ளை. சொல்கிறேன்.

அல்ட்ராசவுண்டில் கதிர்வீச்சு இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வயிற்று சிடியில் உண்டு. ஒரு மார்பு எக்ஸ்ரேயைவிடப் பல மடங்கு. தேவை இருந்தால் எடுக்கத்தான் வேண்டும். தேவை இல்லாதபோது 29 வயதுப் பையன் உடம்பில் எதற்கு? அடுத்து அந்த ரத்தப் பரிசோதனைகள். ஏஎஃப்பி, பீட்டா எச்சிஜி, எல்டிஎச் என்று மூன்று. கட்டி இருக்கிறது என்று தெரிந்த பிறகு இவை மிகவும் உதவும். கட்டியே இல்லாதவனுக்கு எடுத்தால் இரண்டு பக்கமும் ஏமாற்றும். ஈரலில் கோளாறு இருந்தால் ஏஎஃப்பி ஏறும். எல்டிஎச் எத்தனையோ காரணத்தால் ஏறும். ஏறியதும் ஒரு வீடே சாப்பிடாமல் கிடக்கும். மறுபக்கம், உண்மையாகவே புற்று இருக்கிற சிலருக்கு மூன்றும் சரியாகவே இருக்கும். "ரத்தம் நார்மல்" என்று நம்பி அவன் கட்டியைக் கவனிக்காமல் விடுவான்.

அதற்கும் மேலே ஒரு நஷ்டம். அது பில்லில் வராது. 29 வயதுப் பையன் ராத்திரி தூங்காமல் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த 6 மாதத்துக்கு எந்த ரசீதும் கிடையாது. அவன் அம்மா கழுத்து வெறுங்கழுத்தாக இருந்ததை நான் பார்த்தேன். "சங்கிலி அறுந்து போச்சு சார், பத்த வைக்கக் குடுத்திருக்கேன்" என்று என்னிடமே பொய் சொன்னது அந்தத் தாய்.

ஸ்கேன் எடுக்கிற எல்லோரையும் நான் குற்றம் சொல்லவில்லை. திரையில் தெரிந்ததை எழுதுவது அவர்கள் கடமை. எழுதாவிட்டால்தான் தப்பு. ஆனால் எழுதுகிற வரியோடு "ஆபத்துக் காரணம் இல்லாவிட்டால் தொடர் ஸ்கேன் தேவையில்லை" என்று இன்னொரு வரி சேர்த்தால் பேனா மை தீர்ந்துவிடுமா? பயமுறுத்தும் வரி இலவசம், தைரிய வரிக்குக் காசா? அந்த ஒரு வரியைக் கேட்டுத்தான் இவ்வளவு நீளத்துக்கு எழுதுகிறேன்.

இதுவரை படித்துவிட்டு, "வாத்தியாரே சொல்லிட்டார், எதையும் பார்க்க வேண்டாம்" என்று கிளம்பிவிடாதீர்கள். இனிமேல்தான் பதிவின் முக்கியமான பாதி.

பல வருஷங்களுக்கு முன் என்னிடம் படித்த இன்னொரு பையன். வயது 23, 24 இருக்கும். ஒரு பக்க விதையில் கட்டி. வலி இல்லை. கல்லு மாதிரி கெட்டியாக இருந்திருக்கிறது. 8 மாதம் யாரிடமும் சொல்லவில்லை. பஸ் ஸ்டாண்டு சுவரில் ஒட்டியிருந்த 'ஆண்களின் அந்தரங்கப் பிரச்சினை' போஸ்டரைப் பார்த்து, லாட்ஜ் ரூமில் உட்கார்ந்திருந்த ஒரு ஆளிடம் போய் லேகியம் வாங்கித் தின்றிருக்கிறான். இம்மாதிரி விளம்பரங்களைத் தடுக்க 1954லேயே மத்திய அரசு சட்டம் போட்டுவிட்டது. சட்டம் புத்தகத்தில், போஸ்டர் சுவரில். கடைசியில் முதுகு வலி தாங்காமல் விழுந்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அதற்குள் வயிற்று நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவிவிட்டது.

அவன் பிழைத்தான். இந்த நோயின் விசேஷம் அதுதான். புற்றுநோய்களிலேயே நன்றாகக் குணமாகிறவற்றில் ஒன்று இது. 1970களில் அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில் ஐன்ஹார்ன் என்ற டாக்டர் சிஸ்பிளாட்டின் என்ற மருந்தை மற்ற மருந்துகளோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார். அதுவரை பரவிவிட்டால் பிழைப்பது அரிது என்றிருந்த நோய், பெரும்பாலும் குணமாகிற நோயாக மாறியது. சைக்கிள் வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்குக்கு 1996இல் நுரையீரல், மூளை வரை பரவியிருந்தும் பிழைத்தார். நம்ம யுவராஜ் சிங்கை எல்லோருக்கும் தெரியும். 2011 உலகக் கோப்பையின் தொடர் நாயகன். அவருக்கு வந்தது இதே உயிரணுக் குடும்பத்தைச் சேர்ந்த கட்டி. விதையில் அல்ல, நெஞ்சில், இரண்டு நுரையீரலுக்கும் நடுவில். அவர் சிகிச்சைக்கு அமெரிக்கா போனபோது ஆலோசனை சொன்னவரும் அதே ஐன்ஹார்ன்தான். 2012 செப்டம்பரிலேயே மறுபடி இந்தியாவுக்காக மட்டை பிடித்தார்.

ஆனால் என் மாணவன் யுவராஜ் இல்லை. 8 மாதம் முன்பே வந்திருந்தால் ஒரு சின்ன அறுவையோடு, அதிகம் போனால் கொஞ்சம் மருந்தோடு முடிந்திருக்கும். தாமதமானதால் பல சுற்று கீமோ. கீமோவுக்கு முன்னால் விந்தணுவைச் சேமித்து வைக்கலாம் என்று அவனுக்குச் சொல்ல ஆள் இல்லை. இன்று உயிரோடு, உத்தியோகத்தோடு இருக்கிறான். குழந்தை இல்லை. அவன் மனைவி தங்கமான பெண். இதை எழுதும்போது எனக்குக் கை நடுங்குகிறது. ஏன் என்று சொல்கிறேன்.

அவனுக்கு 10ஆம் வகுப்பில் மனித இனப்பெருக்கப் பாடம் நடத்த வேண்டியவன் நான். நடத்தினேனா? நடத்தவில்லை. "இதை வீட்ல படிச்சுக்கங்க, பரீட்சைக்கு வராது" என்று பக்கத்தைத் திருப்பினேன். ஆண்பிள்ளைகளும் பெண்பிள்ளைகளும் ஒரே அறையில் இருக்கிறார்கள், பின்பெஞ்சு சிரிக்கும், தலைமையாசிரியர் என்ன நினைப்பாரோ என்று ஆயிரம் சாக்கு. பூவின் மகரந்தத்தை மூன்று பீரியடு நடத்தியவன், மனிதனை ஒரு நிமிஷத்தில் தாண்டிப் போனேன். ஒரு வருஷம் இல்லை, 31 வருஷம். இதைப் படிக்கிற உங்களில் முக்கால்வாசிப் பேருக்கு நான் அந்தப் பாடத்தை நடத்தவில்லை. இது உங்களுக்கு நான் திருப்பித் தர வேண்டிய கடன். இந்தப் பதிவை அந்தப் பீரியடு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வெட்கம் நம் மண்ணில் பழசு. கும்பகோணம் வட்டாரத்தில் யானைக்கால் கொசு கடித்தே எத்தனை ஆண்களுக்கு ஓதம் வந்தது! விரைவீக்கம் என்று எழுதுவோம். வேட்டிக்குள் மறைத்துக்கொண்டு, நடக்க முடியாமல் நடந்து, வரப்பில் உட்கார முடியாமல் உட்கார்ந்த பெரியவர்களைப் பார்த்துச் சின்ன வயதில் நாங்கள் சிரித்திருக்கிறோம். நானும் சிரித்திருக்கிறேன். அறுவை செய்தால் சரியாகிற விஷயம் அது. சிரிப்புக்குப் பயந்தே பலர் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. அதே சிரிப்புத்தான் அந்த 23 வயதுப் பையனையும் 8 மாதம் வாயைக் கட்டிப் போட்டது.

ஆக, நம் ஊரில் நடப்பது இதுதான். கட்டி இருக்கிறவன் வாய் திறப்பதில்லை. கட்டி இல்லாதவனை 3 மாதத்துக்கு ஒரு தடவை வரச் சொல்கிறோம். இரண்டுக்கும் காரணம் ஒன்றே. உடம்பைப் பற்றிப் பேசத் தெரியாத ஊரில் பயத்தை விற்பது சுலபம்.

அதனால் பாடம் நடத்துகிறேன். நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

முதலாவது, பிள்ளை பெற்ற வீட்டுக்கு. குழந்தையைக் காலில் போட்டு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுகிற பாட்டிமார்களே, உங்கள் கையைவிடப் பெரிய ஸ்கேன் கிடையாது. வெந்நீர் பட்டுப் பை தளர்ந்திருக்கும்போது இரண்டு விதையும் கையில் படுகிறதா பாருங்கள். குறைமாதம் இல்லாமல் பிறக்கிற ஆண்குழந்தைகளிலும் 100க்கு சுமார் 3 பேருக்கு விதை இறங்கியிருக்காது. பெரும்பாலும் சில மாதத்தில் தானே இறங்கிவிடும். 6 மாதம் வரை இறங்கவில்லை என்றால் "தானா இறங்கிடும், இவங்கப்பனுக்கும் அப்படித்தான்" என்று காத்திருக்காதீர்கள். குழந்தை அறுவை மருத்துவரிடம் காட்டுங்கள். ஒன்றரை வயதுக்குள் அறுவையை முடித்துவிடச் சொல்கிறார்கள். ஸ்வீடனில் 2007இல் வந்த பெரிய ஆய்வு ஒன்று: 13 வயதுக்குள் அறுவை செய்தவர்களுக்குப் பின்னாளில் விதைப் புற்று வரும் வாய்ப்பு மற்ற ஆண்களைப் போல் 2 மடங்குக்குச் சற்று மேல், 13க்குப் பிறகு செய்தவர்களுக்கு 5 மடங்குக்கு மேல். குளிரில் மேலே ஏறி, வெந்நீரில் இறங்கி வருவது வேறு. அதற்குப் பயம் வேண்டாம், ஆனாலும் டாக்டர் ஒரு தடவை பார்த்துச் சொல்லட்டும். அரசு ஆஸ்பத்திரியில் இந்த அறுவைக்குக் காசு இல்லை.

இரண்டாவது, பள்ளிக்கூடத்துப் பையன்களுக்கும் அவர்கள் அம்மாக்களுக்கும். திடீரென்று ஒரு பக்க விதையில் உயிர் போகிற வலி, கூடவே வாந்தி என்றால், அது விதை முறுக்கிக்கொண்டதாக இருக்கலாம். 6 மணி நேரத்துக்குள் அறுவை செய்தால் பெரும்பாலும் விதையைக் காப்பாற்றலாம். "காலையில பாத்துக்கலாம்" என்று படுக்க வைக்காதீர்கள். ராத்திரி 2 மணியானாலும் வண்டியைக் கிளப்புங்கள். கும்பகோணமும் தஞ்சாவூரும் நமக்குத் தூரமில்லை.

மூன்றாவது, 15 வயதிலிருந்து 40 வயது வரை உள்ள என் பையன்களுக்கு. விதைப் புற்று கிழவர்களின் நோய் இல்லை, உங்கள் வயதின் நோய். ரிப்போர்ட்டில் புள்ளி வந்தவர்களும், ஆபத்துக் காரணம் உள்ளவர்களும் மாதம் ஒரு தடவை வெந்நீரில் குளிக்கும்போது ஒரு நிமிஷம் ஒதுக்குங்கள். கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் நடுவில் மெதுவாக உருட்டிப் பாருங்கள். வழவழப்பாக, அவித்து உரித்த காடை முட்டை மாதிரி இருக்க வேண்டும். பின்பக்கம் மெத்தென்று ஒரு திரி மாதிரி தட்டுப்படும், அது இயற்கை. விதையிலேயே கெட்டியாக ஒரு மேடு, ஒரு பக்கம் பெருத்துக்கொண்டே வருவது, அடிவயிற்றில் பாரம், இவை இருந்தால் வலி இல்லாவிட்டாலும் அந்த வாரமே டாக்டர். வலி இல்லாததுதான் ஏமாற்றும்.

நான்காவது, வீக்கத்தைப் பார்த்ததும் ஊசி குத்தித் தண்ணீர் எடுக்கிறேன் என்று யாராவது கிளம்பினால், முதலில் ஸ்கேன் எடுத்துவிட்டீர்களா என்று கேளுங்கள். ஓதத் தண்ணீருக்கு உள்ளே கட்டி ஒளிந்திருக்கலாம். விதைக் கட்டியில் பையின் வழியாக ஊசி போடக் கூடாது என்பது மருத்துவ விதி. இங்கே ஸ்கேன் அவசியம். ஸ்கேனையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை என்பது புரிகிறதா?

ஐந்தாவது, ரிப்போர்ட்டில் அந்த நீளமான பெயர் வந்துவிட்டால்: பயப்படாதீர்கள், கூகுள் செய்யாதீர்கள், ஒரு யூராலஜி டாக்டரைப் பாருங்கள். அவர் கையால் பரிசோதிக்கட்டும். நான் எழுதிய 4 கேள்விக்கும் பதில் சொல்லுங்கள். அவர் கேட்காவிட்டால் நீங்களாகச் சொல்லுங்கள். கட்டி இல்லை, 4க்கும் 'இல்லை' என்றால், "அப்ப தொடர்ந்து ஸ்கேன் எதுக்கு டாக்டர்?" என்று மரியாதையாகக் கேளுங்கள். நல்ல டாக்டர் கோபப்பட மாட்டார்.

ஆறாவது, பெண் கொடுக்கிறவர்களுக்கு. "குழந்தை பிறக்குமா?" என்பதுதான் உங்கள் கேள்வி, எனக்குத் தெரியும். குழந்தையின்மைக்காகப் பரிசோதிக்கப் போகிறவர்களிடம் இந்தப் புள்ளிகள் கொஞ்சம் அதிகமாகத் தெரிகின்றன. அதனால் புள்ளி இருக்கிறவனுக்குக் குழந்தை பிறக்காது என்று ஆகாது. மறுபடி அதே கும்பகோணம் பஸ் கணக்குத்தான். உண்மையாகவே சந்தேகம் இருந்தால் அதற்கு ஒரு எளிய விந்துப் பரிசோதனை இருக்கிறது. ஜாதகக் கட்டத்தைப் பத்துப் பேரிடம் காட்டுகிறவர்கள் ஒரு டாக்டரிடம் கேட்பதில் என்ன குறை?

பாடம் முடிந்தது. பையனுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள்.

என் டாக்டர் மாணவரே அவனை வரச் சொல்லிப் பார்த்தார். கட்டி இல்லை. 4 கேள்விக்கும் 'இல்லை'. 10 நிமிஷம்தான். "மாசம் ஒரு தடவை நீயே பாத்துக்க, ஏதாவது தட்டுப்பட்டா வா, இல்லன்னா கல்யாணப் பத்திரிகையோட வா" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். ஃபீஸ் வாங்கவில்லை, வாத்தியார் அனுப்பிய ஆளாம்.

ஆனால் அதற்குள் பையனின் அம்மா, மறைக்கக் கூடாது என்று பெண் வீட்டில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருந்தார். அவர்கள் "யோசிச்சுச் சொல்றோம்" என்று சொல்லிவிட்டுப் போனை எடுக்காமல் இருந்தார்கள். அவனும் அவன் தாயும் கேட்டுக்கொண்டதால் நானே போனேன். வெற்றிலை பாக்கு, பழத்தோடு போய்ப் பெண்ணின் அப்பா எதிரில் உட்கார்ந்து, இங்கே எழுதியதையெல்லாம் வாயால் சொன்னேன். 67 வயதில், முன்பின் தெரியாத வீட்டுக் கூடத்தில், விதை, விந்து என்று சத்தமாகப் பேசினேன். வகுப்பறையில் 31 வருஷம் வராத வார்த்தை அன்று வந்தது. அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் நான் எதிர்பார்த்த அதே கேள்வியைத்தான் கேட்டார். பதில் சொன்னேன். ஒரு நிமிஷம் யாரும் பேசவில்லை.

உள்ளே கதவோரம் நின்றிருந்த அந்தப் பெண்தான் கேட்டது: "அவருக்கு அடிபட்ட வலி போயிடுச்சா சார்?"

6 மாதமாக ஸ்கேன், ரத்தம், சிடி என்று அலைந்த அந்தப் பையனிடம் யாருமே கேட்காத கேள்வி அது.

தை மாதம் முகூர்த்தம் குறித்திருக்கிறார்கள். சங்கிலியும் அதற்குள் மீண்டுவிடும்.

உங்கள் தெருவில், உங்கள் ஆபீஸில், உங்கள் வீட்டிலேயே ஒரு பையன் இதே கவரை பீரோவில் துணிக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கலாம். இன்னொருவன் கட்டியை ஒளித்து வைத்திருக்கலாம். இரண்டு பேருக்கும் இது போய்ச் சேரட்டும். உங்கள் பிள்ளைக்கு இதைப் படித்துக் காட்டக் கூச்சமாக இருந்தால், போனை அவன் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போய்விடுங்கள். நான் செய்தது போலப் பக்கத்தை மட்டும் திருப்பிவிடாதீர்கள்.

சந்தேகம் இருந்தால் கேளுங்கள். கமெண்ட்டில் கேட்க வெட்கமாக இருந்தால் தனியாக எழுதுங்கள், இல்லாவிட்டால் திண்ணைக்கு வாருங்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்வேன். தெரியாததற்கு நல்ல டாக்டரிடம் அனுப்புவேன். காபி உண்டு.

என்றும் அன்புடன்,
உங்கள் உயிரியல் வாத்தியார்,
பாபநாசம்.